மின்னழுத்தமும் மின்னோட்டமும்: தடையையும் திறனையும் கணக்கிடும் முறை

ஏரவாடா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டினர் பலருக்கும் அங்குள்ள சிறைச்சாலையும், 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். புனே நகரின் வடகிழக்கே, முளா-முட்டா ஆற்றின் அக்கரையில் அமைந்த அப்பகுதியில், சிறைச் சுவருக்கு வெளியே அலுவலகங்களும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே வாடகை வீடொன்றில் நான் குடியிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

மார்கழி, தை மாதங்களில் புனேயின் விடியற்காலைக் குளிர் பத்து டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. வெந்நீரின்றிக் குளிக்க இயலாது. வாளித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றும் மின்சார ராடு ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் கைப்பிடியில் '230 வோல்ட், 1500 வாட்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. குளியலறையில் சாக்கெட்டு இல்லாமையால், கூடத்துச் சாக்கெட்டிலிருந்து பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு நீட்டிப்பு வயரின் வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்து வந்தோம். ஒருநாள் காலை ரப்பர் கருகும் வாடை வீசிற்று. வயரைத் தொட்டால் வெதுவெதுப்பாயிருந்தது. கூடத்துச் சாக்கெட்டில் செருகியிருந்த பிளக்கின் ஒரு பக்கம் பழுப்பேறிக் கிடந்தது.

வயர்மேன் ஒருவர் வந்து பார்த்து, "வயர் பாரீக் ஆஹே, சாஹேப்" என்றார். வயர் மெலிதாயிருக்கிறது என்பது பொருள். அது உண்மையே. அவர் சொற்படி தடித்த வயர் வாங்கி மாற்றினோம். வயரின் வெதுவெதுப்பு மறைந்தது. ஆனால் வாடை மறையவில்லை. குற்றம் இன்னும் எங்கோ எஞ்சியிருந்தது. அது எங்கே, எவ்வளவு என்பதை இரண்டே அளவைகளைக் கொண்டு கண்டறிய முடிந்தது. அந்த முறையைப் பள்ளியாசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் பயனுடையதாகும். அதற்கு முன் அடிப்படைக் கருத்துக்கள் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

கம்பியின் வழியே மின்சாரம் செல்லுதல் என்பது, கம்பியிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒரு திசையில் நகர்தலே ஆகும். ஒரு வினாடியில் எவ்வளவு மின்னேற்றம் ஓரிடத்தைக் கடக்கிறது என்பதே மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். ஓர் ஆம்பியர் ஓட்டம் உள்ள கம்பியில், வினாடிதோறும் ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஆம்பியரின் சர்வதேச இலக்கணமும் எலெக்ட்ரானின் மின்னேற்றத்தை ஆதாரமாகக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. இந்த ஓட்டத்தை உந்தும் காரணம் மின்னழுத்தம், அலகு வோல்ட். ஓட்டத்திற்குக் கம்பி காட்டும் இடையூறு மின்தடை, அலகு ஓம்.

இவற்றை ஆற்று நீருக்கு ஒப்பிடுவது வழக்கம். ஏரவாடாவிற்கு அருகே பண்டு கார்டன் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டு ஒன்று உள்ளது. அணைக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு மின்னழுத்தத்தைப் போன்றது. வினாடிக்கு வழிந்தோடும் நீரின் அளவு மின்னோட்டத்தைப் போன்றது. மாணவர்க்கு இவ்வுவமை உதவும். எனினும் ஓரெல்லைக்கு மேல் இதனை நீட்டக் கூடாது. குழாயை உடைத்தால் நீர் வெளியே கொட்டும்; கம்பியை வெட்டினால் மின்சாரம் வெளியே கொட்டுவதில்லை, ஓட்டமே நின்றுவிடும். ஆயினும் வெட்டுண்ட முனையில் அழுத்தம் முழுமையாக இருந்துகொண்டேயிருக்கும். ஓட்டமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணி, அறுந்த கம்பியைத் தொட்டவர் உடலின் வழியாகவே சுற்று முழுமையடைகிறது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு இத்துறையில் ஏற்படும் தொல்லை சிறிதன்று. 'சக்தி' என்ற ஒரே சொல் பழைய நூல்களில் விசைக்கும், ஆற்றலுக்கும், திறனுக்கும் மாறி மாறி வழங்கியுள்ளது. இக்கட்டுரையில், செய்யப்பட்ட வேலையின் மொத்த அளவு 'ஆற்றல்' என்றும், ஒரு வினாடியில் செய்யப்படும் வேலையின் அளவு 'திறன்' என்றும் வழங்கப்படும். பேச்சு வழக்கிலோ குழப்பம் இன்னும் மிகுதி. 'கரண்ட் கம்மியாக வருகிறது' என்று சிற்றூர்களில் சொல்வது பெரும்பாலும் மின்னழுத்தக் குறைவையே. மாணவன் இச்சொல்லை வீட்டிலிருந்து கொண்டுவருகிறான் என்பதை ஆசிரியர் மனத்தில் கொள்ளவேண்டும். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அவன் ஒன்றாகக் கருதும் வரையில் பின்வரும் கணக்குகள் எவையும் அவனுக்கு விளங்கா.

அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றிற்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் ஜெர்மானிய அறிஞர் கியார்க் சைமன் ஓம். அவர் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். 1817 முதல் கோலோன் நகரில் பள்ளியாசிரியராயிருந்து கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே தம் சோதனைகளைச் செய்தார். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலங்கள் அவருக்குப் பெருந்தொல்லை தந்தன. ஓட்டம் பாயத் தொடங்கியதும் அவற்றின் அழுத்தம் தளர்ந்துவிடும். கம்பியின் நீளத்தை மாற்றியதால் ஓட்டம் குறைந்ததா, கலம் தளர்ந்ததால் குறைந்ததா என்று சொல்ல இயலாது போயிற்று. பாக்கெண்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி அவர் கலங்களை விடுத்து, பிஸ்மத், செம்பு ஆகிய இரு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. அவ்வாறு கிடைத்த நிலையான அழுத்தத்தைக் கொண்டு, வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தை, முறுக்கிழையில் தொங்கும் காந்த ஊசியின் விலக்கத்தால் அளந்தார். 1826-இல் சோதனை முடிவுகளும், 1827-இல் அவருடைய நூலும் வெளியாயின.

தாய்நாட்டில் அவருக்கு உடனே பெருமை கிட்டவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சங்கம் காப்லி பதக்கம் அளித்துச் சிறப்பித்த பின்னரே அவர் புகழ் பரவிற்று. 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாட்டில் தடையின் அலகுக்கு அவர் பெயர் ஏற்கப்பட்டது.

அவர் கண்ட விதி இது: வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஓர் உலோகக் கடத்தியின் வழியே செல்லும் மின்னோட்டம், அதன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறாத எண்ணே அக்கடத்தியின் தடை.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)

இனித் திறன். ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓர் ஆம்பியர் ஓடினால், வினாடிதோறும் ஒரு ஜூல் ஆற்றல் செலவாகிறது. இதுவே ஒரு வாட் எனப்படும்.

மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

இவ்விரு வாய்பாடுகளே போதும். நான்கு அளவுகளுள் எவையேனும் இரண்டு தெரிந்தால் மற்ற இரண்டும் தாமே வெளிப்படும். இஸ்திரிப் பெட்டி ஒன்றில் '230 வோல்ட், 750 வாட்' என்றிருந்தால், 750-ஐ 230-ஆல் வகுக்க ஓட்டம் 3.26 ஆம்பியர்; 230-ஐ 3.26-ஆல் வகுக்கத் தடை ஏறத்தாழ 70.5 ஓம். எங்கள் வீட்டு ராடிற்கு ஓட்டம் 6.52 ஆம்பியர், தடை 35.3 ஓம். திறன் இரு மடங்காகும்போது தடை பாதியாகிறது என்பதைக் காண்க.

இவ்விடத்தில் அறிவுள்ள மாணவன் ஒருவன் ஒரு கேள்வி கேட்பான். கேட்காவிடில் ஆசிரியரே கேட்டல் நன்று. தடை குறைந்த பொருளில் வெப்பம் மிகுதி என்று இக்கணக்குக் காட்டுகிறது. ஆனால் தடை மிகுந்த இடத்திலேதான் கம்பி சூடேறும் என்று பாடநூல் கூறுகிறது. எது சரி?

இரண்டும் சரியே, சூழ்நிலை வேறு. திறனுக்குரிய வாய்பாட்டில், ஓம் விதிப்படி அழுத்தத்திற்குப் பதிலாக 'ஓட்டம் × தடை' என்று இட்டால், திறன் = ஓட்டம் × ஓட்டம் × தடை என்றாகும். இதுவே 1841-இல் ஜூல் என்ற ஆங்கில அறிஞர் வெளியிட்ட வெப்ப விதி. மாறாக, ஓட்டத்திற்குப் பதிலாக 'அழுத்தம் ÷ தடை' என்று இட்டால், திறன் = அழுத்தம் × அழுத்தம் ÷ தடை என்றாகும். வீட்டிலுள்ள விளக்கு, விசிறி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை ஒவ்வொன்றும் அதே 230 வோல்ட்டில் பக்க இணைப்பாக இணைந்துள்ளன. அங்கே அழுத்தம் பொது. ஆதலால் தடை குறைந்ததே மிகுந்த திறனை வாங்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் உள்ள சாக்கெட்டு, வயர், ராடு ஆகிய மூன்றிலும் ஓடும் மின்சாரம் ஒன்றே. அங்கே ஓட்டம் பொது. ஆதலால் எதன் தடை மிகுதியோ அதுவே மிகுதியாகச் சூடேறும். கணக்கைத் தொடங்குமுன் 'இங்கே பொதுவாக இருப்பது எது?' என்று கேட்டுக்கொண்டால் பிழை நேராது. இந்த வினாவைச் சொல்லிக்கொடாமல் மூன்று வாய்பாடுகளையும் மனப்பாடம் செய்விப்பதால் பயனில்லை என்பது என் கருத்து.

இப்போது ஏரவாடா வீட்டுக்குத் திரும்புவோம். வயர்மேனிடம் மின்னழுத்த மீட்டரும், கம்பியை வெட்டாமலே சுற்றிப் பிடித்து ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தன. முதல் வருகையின்போது அவர் எடுத்த அளவுகள் இவை: ராடு இயங்கிக்கொண்டிருக்கையில் சாக்கெட்டுக்குப் பின்புறம் சுவரில் வந்து சேரும் கம்பிகளுக்கிடையே 230 வோல்ட், நீட்டிப்பு வயரின் கடைசி முனையில் 222.6 வோல்ட், ஓட்டம் 6.3 ஆம்பியர். வழியிலே 7.4 வோல்ட் மறைந்துவிட்டது. 7.4-ஐ 6.3-ஆல் வகுக்க, வழியின் மொத்தத் தடை 1.17 ஓம். 7.4-ஐ 6.3-ஆல் பெருக்க, வழியில் வெப்பமாக வீணாகும் திறன் ஏறத்தாழ 47 வாட்.

இந்த 1.17 ஓமில் வயரின் பங்கு எவ்வளவு? செம்புக் கம்பியின் தடையைக் கணக்கிட ஓரெண்ணை நினைவில் வைத்தல் போதும்: ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை, சாதாரண வெப்பநிலையில் 0.0172 ஓம். நீளம் கூடினால் தடை கூடும். பரப்புக் கூடினால் தடை குறையும். எங்கள் பழைய வயர் அரைச் சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. பத்து மீட்டர் வயரில் மின்சாரம் போக ஒரு கம்பியும் திரும்ப ஒரு கம்பியுமாக இருபது மீட்டர் உண்டு; இதனை மறப்பவர் பலர். ஆகவே 20 × 0.0172 ÷ 0.5 = 0.69 ஓம். எஞ்சிய 0.48 ஓம் வேறெங்கோ உள்ளது. அன்றே இக்கழித்தலைச் செய்திருந்தால் இரண்டாம் முறை வயர்மேனை அழைக்க நேர்ந்திராது, செய்யவில்லை.

ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயரை மாற்றிய பின் மீண்டும் அளந்தோம். கடைசி முனையில் 225.5 வோல்ட், ஓட்டம் 6.4 ஆம்பியர். மறைந்தது 4.5 வோல்ட், வழியின் தடை 0.70 ஓம். புதிய வயரின் தடை 20 × 0.0172 ÷ 1.5 = 0.23 ஓம். எஞ்சியது 0.47 ஓம். வயர் மாறியும் இந்த எச்சம் ஏறத்தாழ மாறவில்லை. எனவே அது வயரில் இல்லை. பிளக்கும் சாக்கெட்டும் தொடுமிடத்தில் இருக்கவேண்டும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிளக்கின் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடுகளுள் ஒன்று விறைப்பிழந்து விரிந்து, கருமையேறியிருந்தது. அது விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் உரிய சிறு சாக்கெட்டு. இத்தகைய ராடிற்குப் பதினாறு ஆம்பியர் சாக்கெட்டே உரியது.

அரை ஓம் தடை என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: 6.4 × 6.4 × 0.47 = ஏறத்தாழ 19 வாட். ரேடியோ பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோல் 25 வாட் அளவினதே. அதற்குச் சற்றுக் குறைந்த வெப்பம், மிளகளவே உள்ள ஓரிடத்தில், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் நடுவே, ஒவ்வொரு காலையும் அரைமணி நேரம் பிறந்துகொண்டிருந்தது. பழைய வயரிலோ 27 வாட் பிறந்தபோதிலும் அது பத்து மீட்டர் நீளத்திலும் பரவிக் காற்றில் கலந்ததால், வெதுவெதுப்போடு நின்றது. எவ்வளவு வெப்பம் என்பதோடு, எவ்வளவு இடத்தில் என்பதும் கருதற்பாலது. மின்சாரத் தீவிபத்துகளில் தளர்ந்த இணைப்புகள் பலவற்றிற்குக் காரணமாயிருப்பது இதனாலேயே. வீட்டின் ஃபியூசு இத்தகைய குற்றத்தைத் தடுக்காது என்பதையும் குறிப்பிடவேண்டும். ஃபியூசு ஓட்டத்தின் மிகுதியைக் கண்டே உருகும். தளர்ந்த இணைப்போ ஓட்டத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது.

ஆற்றற் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். இருபது லிட்டர் நீரைப் பதினெட்டு டிகிரியிலிருந்து நாற்பத்து மூன்று டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 2,093 கிலோஜூல் வேண்டும். 1,500 வாட்டில் இதற்கு 23 நிமிடம் ஆகும். பழைய வயரும் கெட்ட சாக்கெட்டும் இருந்தபோது ராடிற்குக் கிடைத்தது சுமார் 1,400 வாட்டே. எனவே 25 நிமிடம். வாடை வீசுமுன்பே இந்த இரண்டு நிமிடத் தாமதம் எங்களுக்கு எச்சரிக்கை தந்திருக்கலாம். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம்.

ஓம் விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமென்று எண்ணலாகாது. குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60, அதாவது 882 ஓம். அணைந்து குளிர்ந்த பல்பின் தடையை அளந்தால் 60 அல்லது 70 ஓம் அளவே காணப்படும். டங்ஸ்டன் இழை ஈராயிரம் டிகிரிக்கு மேல் சூடேறும்போது அதன் தடை பன்மடங்காகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் கால் ஆம்பியருக்குப் பதிலாக மூன்று ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. முதுமையடைந்த பல்புகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே 'பட்'டென்று போய்விடுவதற்கு இது ஒரு காரணம். இன்று வழக்கிலுள்ள எல்.இ.டி. விளக்குகளில் அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் நேர் விகிதத் தொடர்பே இல்லை.

களப்பணியாளர்கள் அடிக்கடி காண்பது கிணற்று மோட்டார். நீண்ட, மெல்லிய கம்பியின் கோடியில் உள்ள மோட்டாருக்கு அழுத்தம் குறைந்தே சென்று சேர்கிறது. ஓம் விதியை மட்டும் அறிந்தவர், 'அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். மோட்டாருக்குத் தீங்கில்லை' என்று முடிவு செய்வார். நடப்பதோ நேர்மாறானது. இறைக்கவேண்டிய நீரின் சுமை மாறாதிருப்பதால், அழுத்தம் குறையும்போது அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஓட்டத்தை இழுக்கிறது. ஓட்டம் கூடினால் சுருளில் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. ஓட்டம் கால்பங்கு மிகுந்தால் வெப்பம் ஒன்றரை மடங்கை எட்டிவிடும்; சுருள் கருகும். மும்முனை மின்சாரத்திலும் மாறுதிசை மோட்டார்களிலும் திறனைக் காண, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மட்டும் போதாது. திறன் காரணி என்ற ஒன்றையும் சேர்க்கவேண்டும். அதனை விளக்கப் புகின் கட்டுரை மிக நீளும்.

வயரின் குற்றமாக வீட்டில் நாம் கண்டதே, நாட்டளவில் பொறியியலறிஞர்களை வாட்டிய பிரச்சினையும் ஆகும். ஏரவாடாவிலிருந்து பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் சிறிது தூரத்தில் புனே ரயில் நிலையம். இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. 1929-30-ஆம் ஆண்டுகளில் கலியாணிலிருந்து பூனா வரையுள்ள பாதையும் மின்மயமாயிற்று. 1930 ஜூன் 1-ஆம் நாள் 'டெக்கான் குவீன்' விரைவு ரயில் தோன்றிற்று. இவை யாவும் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கின. 1931-இல் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் அதே அழுத்தத்திலேயே ஓடியது.

புனேயிலிருந்து புறப்படும் ஒரு ரயிலுக்குத் துணை மின்நிலையத்திலிருந்து 1,500 கிலோவாட் திறன் அனுப்பப்படுவதாகக் கணக்கின் எளிமைக்காகக் கொள்வோம். 1,500 வோல்ட்டில் இதற்கு ஓட்டம் ஆயிரம் ஆம்பியர். மேற்கம்பியும் தண்டவாளமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு ஓம் தடை காட்டினால், வழியில் இழக்கும் அழுத்தம் 100 வோல்ட். வீணாகும் திறன் 1,000 × 1,000 × 0.1, அதாவது ஒரு லட்சம் வாட். அதே திறனை 25,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 60 ஆம்பியரே. அதே தடையில் வீணாவது 60 × 60 × 0.1 = 360 வாட். செம்பை மிச்சப்படுத்த மூன்று மடங்கு தடையுள்ள மெல்லிய கம்பியைப் போட்டாலும் இழப்பு 1,080 வாட்டைத் தாண்டாது. மாறுதிசை மின்சாரத்தில் கம்பியின் தூண்டலால் வேறு சில இழப்புகளும் சேரும். ஆயினும் ஒப்பீட்டின் போக்கு மாறாது. பழைய முறையில் சில கிலோமீட்டருக்கொரு துணை மின்நிலையமும், தடித்த கம்பிகளும், அவற்றைத் தாங்கக் கனத்த தூண்களும் தேவைப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் முன்னோர் ஏன் 25,000 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை? அவர்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். 1915-இலேயே காட் மலையடிவாரத்திலுள்ள கோப்போலி நீர்மின் நிலையத்திலிருந்து பம்பாய்க்கு ஒரு லட்சம் வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டு வந்தது. ஆனால் ரயில் வண்டியை இழுக்கும் மோட்டார் நேர்மின்சாரத்திலேயே நன்கு இயங்கிற்று. உயர் அழுத்த மாறுதிசை மின்சாரத்தை ஓடும் எஞ்சினுக்குள்ளேயே நேர்மின்சாரமாக மாற்றத்தக்க அடக்கமான கருவி அக்காலத்தில் இல்லை. அக்கருவிகள் கைவந்த பின், 1957-இல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் முறையை ஏற்றது. பம்பாய்ப் பகுதியின் பழைய பாதைகள் மாற வெகுகாலம் பிடித்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக மாற்றம் நடைபெற்று, மும்பைப் புறநகரின் கடைசி 1,500 வோல்ட் பகுதி 2016-இல் மறைந்தது.

வகுப்பறையில் இவ்விதிகளைச் சோதித்துக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மூன்று உலர் மின்கலங்களும், நைக்ரோம் கம்பித் துண்டொன்றும், ஒரு வோல்ட் மீட்டரும், ஓர் ஆம்மீட்டரும் போதும். ஆம்மீட்டரை ஓட்டத்தின் வழியிலேயே தொடரிணைப்பாக அமைக்கவேண்டும். வோல்ட் மீட்டரைக் கம்பியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பக்க இணைப்பாக அமைக்கவேண்டும். மாற்றி இணைத்தால், தடை மிகக் குறைந்த ஆம்மீட்டரின் வழியே ஓட்டம் வரம்பின்றிப் பாய்ந்து கருவி கெடும். பத்து ஓம் தடையுள்ள கம்பியில் ஒரு கலத்திற்கு 1.5 வோல்ட், 0.15 ஆம்பியர்; இரண்டிற்கு 3 வோல்ட், 0.30 ஆம்பியர்; மூன்றிற்கு 4.5 வோல்ட், 0.45 ஆம்பியர் என்ற அளவை ஒட்டி வரும். பின்னர்க் கம்பிக்குப் பதிலாகக் கைவிளக்கின் சிறு பல்பை இணைத்து அதே அளவுகளை எடுக்கச் செய்தால், வகுத்து வரும் எண் ஒவ்வொரு முறையும் கூடுவதை மாணவரே காண்பர்.

கலங்கள் புதியனவாக இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவையும் எடுத்தவுடன் சாவியைத் திறந்து ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பழைய கலங்களைக் கொண்டு தொடர்ந்து ஓட்டத்தைச் செலுத்தினால், ஓம் கோலோனில் பட்ட தொல்லையே வகுப்பிலும் தலைகாட்டும்: அழுத்தம் கண்முன்னே தளரும். எனவே கலத்தின் மேலுறையில் அச்சிட்ட 1.5 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஓட்டத்தை அளக்கும் அதே நொடியில் வோல்ட் மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுமாறு மாணவர்க்குச் சொல்லவேண்டும்.